வேகமான கம்ப்யூட்டர் வாங்கலாமா?

1. கோட்டை வாசலில் பூக்கடை

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை கூட்டம் குறையாத இடம். ஒரு பக்கம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும் வழி. எதிர்ப் பக்கம் சாலைக் கடைத்தெரு. நடுவில் பஸ்கள் வந்து நிற்கும்.

கோட்டை வாசல் அருகே ஓர் அம்மா பூ விற்கிறார். அவர் பிறந்த ஊர் தோவாளை. அது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. தோவாளைப் பூச்சந்தை பெயர் பெற்றது. அங்கிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்குப் பூ வருகிறது. ஓணம் வந்தால் பூவின் தேவை பல மடங்கு ஆகும்.

அந்த அம்மா மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். இப்போது கடைக் கணக்கை அவரே நோட்டில் எழுதுகிறார்.

அவருக்கு ஒரு மகன். அவன் அனிமேஷன் படித்தவன். கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்வான். ஓணத்துக்கு முன்பு அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு துணிக்கடைக்கு விளம்பரப் படம் செய்ய வேண்டும். படம் ஒரே ஒரு நிமிடம்தான். மாவேலி மன்னர் ஓலைக்குடை பிடித்து நடந்து வருவார். மக்கள் பூக்களம் போட்டு அவரை வரவேற்பார்கள். கூலி 25,000 ரூபாய். பன்னிரண்டு நாளில் கொடுக்க வேண்டும்.

மகன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“அம்மா, நம்ம கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு. படத்தை வரைஞ்சு முடிக்க இன்னும் மூணு நாள் ஆகும். அப்புறம் அதை முழுப் படமா ஆக்க, கம்ப்யூட்டருக்கே பத்து நாள் வேணும். மொத்தம் பதிமூணு நாள். புதுசு வாங்கினாத்தான் முடியும்.”

அவன் ஒரு தாளை நீட்டினான். அது கடையில் கொடுத்த விலைப்புள்ளி. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

கம்ப்யூட்டர் விலை: 1,00,000 ரூபாய்
ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம்: 18,000 ரூபாய்
மொத்தம்: 1,18,000 ரூபாய்

அம்மாவிடம் சீட்டுப் பணம் 40,000 ரூபாய் இருந்தது. மீதிப் பணத்துக்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க வேண்டும். அவரிடம் இருப்பது அந்த ஒரு சங்கிலிதான்.

“மக்களே, ஒரு நிமிஷப் படத்துக்குப் பத்து நாளா? அது எப்படி? எனக்குப் புரியும்படி சொல்லு. புரிஞ்ச பிறகு சங்கிலியைப் பற்றிப் பேசுவோம்” என்றார் அம்மா.

2. ஒரு நிமிடத்தில் எத்தனை படம்?

மகன் நோட்டை எடுத்தான். கணக்குப் போட்டுக் காட்டினான்.

சினிமாவில் மனிதர்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். உண்மையில் திரையில் தெரிவது அசையாத படங்கள்தான். ஒரு படம் போனதும் அடுத்த படம் வருகிறது. ஒவ்வொன்றிலும் சிறு மாற்றம் இருக்கும். வேகமாக மாறுவதால் அசைவதுபோலக் கண்ணுக்குத் தெரிகிறது.

சினிமாவில் பொதுவாக ஒரு விநாடிக்கு 24 படங்கள் காட்டுகிறார்கள். ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி.

24 × 60 = 1,440

ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 தனித்தனிப் படங்கள் வேண்டும். மகனின் பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தை உருவாக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது.

1,440 × 10 = 14,400 நிமிடம்
14,400 நிமிடம் = 240 மணி
240 மணி = 10 நாள்

இரவும் பகலும் நிற்காமல் ஓடினால்தான் பத்து நாள்.

“சரி. ஒரு படத்துக்கு ஏன் பத்து நிமிஷம்?” என்று கேட்டார் அம்மா.

3. இருபது லட்சம் புள்ளி வைத்த கோலம்

முப்பரிமாணம் என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ளது. காகிதத்தில் வரைந்த படத்தைச் சுற்றி வந்து பார்க்க முடியாது. கோயில் சிலையைச் சுற்றி வந்து பார்க்கலாம். முப்பரிமாண அனிமேஷன் என்பது கம்ப்யூட்டருக்கு உள்ளே சிலை செய்வதைப் போன்றது.

முதலில் உருவத்தைக் கம்பிக்கூடு போலச் செய்கிறார்கள். அதன் மேல் தோல், துணி, நிறம் ஆகியவற்றைப் போர்த்துகிறார்கள். பிறகு கை கால் அசைய வேண்டிய விதத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கேமரா எங்கே நிற்கிறது என்பதையும் குறிக்கிறார்கள். இதெல்லாம் மனிதர் செய்யும் வேலை.

கடைசி வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கூட்டில் இருந்து முழுமையான படத்தைக் கணக்குப் போட்டு உருவாக்குகிறது. இந்த வேலைக்கு ரெண்டரிங் என்று பெயர்.

திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1,920 புள்ளி, உயரத்தில் 1,080 புள்ளி.

1,920 × 1,080 = 20,73,600

அதாவது ஒரு படத்தில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் கம்ப்யூட்டர் ஒரு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே தெரிவது குடையா, முகமா? வெயில் நேராக விழுகிறதா? நிழல் இருக்கிறதா? பக்கத்தில் உள்ள சிவப்புப் பூவின் நிறம் இதன் மேல் படுகிறதா? இதை அறிய ஒவ்வொரு புள்ளியிலும் நூற்றுக்கணக்கான ஒளிக்கதிர்கள் போகும் வழியைக் கணக்கிடுவது உண்டு. கதிர் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாகத் தெரியும்.

அம்மாவுக்கு இது புரிந்தது. “இருபது லட்சம் புள்ளி வச்ச கோலம். ஒவ்வொரு புள்ளிக்கும் யோசிச்சு யோசிச்சு கலர்ப்பொடி போடணும். அதுபோல 1,440 கோலம். அப்படித்தானே?”

“அதேதான் அம்மா.”

4. தொண்ணூற்றொரு ஆண்டு வேலை

இது அந்த மகனுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. பெரிய நிறுவனங்களுக்கும் இதே தொல்லைதான்.

முழுவதும் கம்ப்யூட்டரால் செய்த முதல் முழுநீள அனிமேஷன் படம் ‘டாய் ஸ்டோரி’. அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் அதைச் செய்தது. படம் 1995இல் வெளிவந்தது. அதில் 1,14,240 தனிப் படங்கள் உள்ளன. அவற்றை ரெண்டர் செய்யக் கம்ப்யூட்டர்கள் சுமார் 8 லட்சம் மணி நேரம் உழைத்தன.

ஒரு ஆண்டுக்கு 8,760 மணி. ஒரே கம்ப்யூட்டர் இந்த வேலையைச் செய்திருந்தால் 91 ஆண்டு ஆகியிருக்கும். தாத்தா தொடங்கிய வேலையைப் பேரன்தான் முடித்திருப்பான்.

பிக்சார் நிறுவனம் 117 கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு படத்தை ரெண்டர் செய்தது. 8 லட்சம் மணியை 117ஆல் வகுத்தால் ஏறத்தாழ 285 நாள் வருகிறது. இப்படி வரிசையாக வைத்த கம்ப்யூட்டர்களை ரெண்டர் பண்ணை என்கிறார்கள்.

“கல்யாணத்துக்கு நூறு மாலை கேட்டா நானும் இதைத்தான் செய்வேன். பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன்” என்றார் அம்மா.

இந்தியாவிலும் இந்த வேலை நடக்கிறது. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000இல் ‘பாண்டவாஸ்’ என்ற படத்தை வெளியிட்டது. அது இந்தியாவில் செய்த முதல் முழுநீள முப்பரிமாண அனிமேஷன் படம்.

திருவனந்தபுரத்துக்கும் இதில் பங்கு உண்டு. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் கழக்கூட்டம் போகலாம். அந்தப் பகுதியில்தான் டெக்னோபார்க் இருக்கிறது. அது 1990இல் தொடங்கியது. அங்கே டூன்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனம் 1999 முதல் இயங்கி வருகிறது. ரஜினிகாந்த் உருவத்தை வைத்துச் செய்த ‘கோச்சடையான்’ படத்தின் படப்பிடிப்பில் ஒரு பகுதி 2012இல் திருவனந்தபுரத்தில் நடந்தது. ஆக்ஸல் அனிமேஷன் ஸ்டுடியோவில் நடிகர்களின் அசைவுகளைப் பதிவு செய்தார்கள். ஆனால் படம் திரைக்கு வந்தது 2014 மே 23 அன்றுதான். நடிப்பைப் பதிவு செய்த பிறகும் இத்தகைய படத்துக்கு நீண்ட வேலை இருக்கிறது.

5. சில கைகளா, ஆயிரம் கைகளா?

கம்ப்யூட்டரின் மூளையைப் புராசசர் என்கிறார்கள். அதற்கு உள்ளே சில வேலையாட்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், எட்டுப் பேர், பதினாறு பேர் என்று இருப்பார்கள். இவர்கள் கெட்டிக்காரர்கள். எந்தச் சிக்கலான வேலையையும் செய்வார்கள்.

கிராபிக்ஸ் கார்டு வேறு மாதிரி. அதில் ஆயிரக்கணக்கான வேலையாட்கள் உண்டு. ஒவ்வொருவரும் எளிய கணக்கு மட்டும் செய்வார். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வார்கள்.

பெரிய சாமி மாலை கட்டக் கைதேர்ந்த ஆள் வேண்டும். மல்லிகைச் சரம் தொடுக்க அது வேண்டாம். நிறையக் கைகள் இருந்தால் போதும். ரெண்டரிங் சரம் தொடுப்பது போன்ற வேலை. இருபது லட்சம் புள்ளிகளையும் பலர் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் நல்ல கிராபிக்ஸ் கார்டு ரெண்டரிங் நேரத்தை வெகுவாகக் குறைக்கிறது.

படம் வரையப் பிறந்த இந்தக் கார்டு வேறு பெரிய வேலைகளுக்கும் போயிற்று. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011இல் ‘சாகா-220’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். அதில் 400 புராசசர்களுடன் 400 கிராபிக்ஸ் கார்டுகளும் வைத்தார்கள். அது விநாடிக்கு 220 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது. ராக்கெட் ஆராய்ச்சிக்கு அதைப் பயன்படுத்தினார்கள்.

“பார்த்தியா அம்மா! அதான் புதுசு வேணும்னு சொல்றேன்” என்றான் மகன்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை.

6. காத்திருப்பு எங்கே?

மறுநாள் காலை தோவாளையில் இருந்து பூ வரத் தாமதம் ஆயிற்று. ஓண வேலைக்காக அம்மா மூன்று பெண்களைக் கூலிக்கு வைத்திருந்தார். பூ வரும் வரை மூவரும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா மகனிடம் கேட்டார்: “இன்னும் பத்துப் பேரை வச்சா இன்னைக்கு மாலை சீக்கிரம் முடியுமா?”

“முடியாது. பூவே வரலையே.”

“உன் கம்ப்யூட்டர் எதுக்குக் காத்திருக்குன்னு பார்த்தியா?”

மகன் யோசித்தான். அதை அவன் பார்க்கவே இல்லை.

எந்தக் கம்ப்யூட்டரிலும் இதைப் பார்க்கலாம். வேலை நடக்கும்போது புராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று திரையில் காட்டும் வசதி உண்டு. ராம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றும் அது காட்டும்.

ராம் என்றால் என்ன? பூ கட்டும் அம்மாவின் மடி அருகே ஒரு தட்டு இருக்கிறது. பூவை அதில் கொட்டி வைத்துக்கொண்டு கட்டுகிறார். மூலையில் சாக்கு மூட்டை இருக்கிறது. தட்டுப் பெரிதாக இருந்தால் உட்கார்ந்த இடத்தில் வேலை நடக்கும். தட்டுச் சிறிதாக இருந்தால் அடிக்கடி எழுந்து மூட்டைக்குப் போக வேண்டும். ராம் என்பது அந்தத் தட்டு. ஹார்டு டிஸ்க் என்பது அந்த மூட்டை. ராம் போதவில்லை என்றால் கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கும் ராமுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும் நேரம் குறைந்துவிடும்.

மகன் பார்த்தான். அவன் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராம் இருந்தது. ரெண்டர் தொடங்கியதும் அது முழுவதும் நிறைந்துவிட்டது. புராசசர் பாதி நேரம் சும்மா இருந்தது.

“பூ வராம ஆள் உட்கார்ந்திருக்கு அம்மா” என்றான்.

7. நோட்டில் எழுதிய சோதனை

மகன் தனக்குக் கற்றுக்கொடுத்த சாரிடம் போனான். அவர் ஒரு வழி சொன்னார். ஒரே படத்தை எடுத்துக்கொள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய். ஆன நேரத்தைக் குறித்து வை. இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது.

பொருந்தும் ராம் ஒன்றைச் சார் இரவல் கொடுத்தார். கிராபிக்ஸ் கார்டு உள்ள தன் கம்ப்யூட்டரிலும் ஒரு படத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அம்மாவின் நோட்டில் மகன் இப்படி எழுதினான்:

பழைய கம்ப்யூட்டர், பழைய முறை: 10 நிமிடம்
ராம் 16 ஜி.பி. ஆக்கிய பிறகு: 6 நிமிடம்
ராம் கூட்டி, ஒளிக்கதிரையும் குறைத்த பிறகு: 4 நிமிடம்
சாரின் கிராபிக்ஸ் கார்டில், அதே படம்: 1 நிமிடம்

ஒளிக்கதிரைக் குறைத்தால் படம் பொடிப்பொடியாகத் தெரியுமே? உண்மைதான். அந்தப் பொடியை நீக்கும் வசதி இப்போது அனிமேஷன் மென்பொருளிலேயே இருக்கிறது. மகன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் காட்டினான். அம்மாவால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

முறையை மாற்றினால் சிறிய கம்ப்யூட்டரும் பெரிய வேலை செய்யும். இதற்கு நல்ல சாட்சி ‘ஃப்ளோ’ என்ற படம். லாத்வியா என்ற சிறிய நாட்டின் இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் அதை உருவாக்கினார். வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையின் கதை அது. படத்தில் பேச்சே கிடையாது. 2024இல் வெளிவந்தது. அதை ‘பிளெண்டர்’ என்ற மென்பொருளில் செய்தார்கள். பிளெண்டருக்குக் காசு தர வேண்டாம். யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம். ரெண்டர் பண்ணை இல்லாமல், தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இயக்குநர் படத்தை ரெண்டர் செய்தார். ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் கணக்கிடாமல், விரைவாகப் படம் தரும் முறையைத் தேர்ந்தெடுத்தார். 2025 மார்ச்சில் அந்தப் படம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது.

8. அம்மா போட்ட கணக்கு

இப்போது அம்மா பென்சிலைக் கையில் வாங்கினார்.

ஒரு படத்துக்கு 4 நிமிடம்.
1,440 × 4 = 5,760 நிமிடம்
5,760 நிமிடம் = 96 மணி
96 மணி = 4 நாள்

விலைப்புள்ளி தந்த கடையிலேயே ராம் விலை கேட்டார்கள். விலை 5,000 ரூபாய். வரி 900 ரூபாய். மொத்தம் 5,900 ரூபாய்.

“புதுசுக்கு 1,18,000 ரூபாய். இந்த வேலையில வர்றது 25,000. புதுசு வாங்கின காசு திரும்ப வரணும்னா இதுபோல அஞ்சு வேலை வேணும். உன் கையில இருக்கிறது ஒண்ணு. இப்போ 5,900 போதும்” என்றார் அம்மா.

சீட்டுப் பணத்தில் இருந்து ராம் வாங்கினார்கள். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

9. இரவில் போன மின்சாரம்

மூன்று நாளில் மகன் தன் வேலையை முடித்தான். முழு அளவில் ஓடவிடும் முன் சிறிய அளவில் சோதித்தான். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் புள்ளிகள் கால் பங்காகக் குறையும். நேரமும் ஏறத்தாழக் கால் பங்காகும். அந்தச் சோதனையில் மாவேலியின் குடை ஓர் இடத்தில் தூணுக்குள் நுழைந்தது தெரிந்தது. அதைத் திருத்தினான். பிறகுதான் முழு அளவில் தொடங்கினான்.

இரண்டாம் நாள் இரவு பலத்த மழை. மின்சாரம் போயிற்று. அம்மா பதறி எழுந்தார்.

“போச்சா மக்களே? எல்லாம் முதல்ல இருந்தா?”

“இல்லம்மா. ஒரு படம் மட்டும்தான் போச்சு.”

அவன் முழுப் படத்தையும் ஒரே வீடியோவாகச் சேர்க்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்தையும் எண் போட்டுத் தனியாகச் சேமிக்கச் சொல்லியிருந்தான். 1, 2, 3 என்று 612 வரை பத்திரமாக இருந்தன. பாதியில் நின்றது 613ஆம் படம். மின்சாரம் வந்ததும் 613இல் இருந்து தொடர்ந்தான். நஷ்டம் நாலு நிமிடத்துக்கும் குறைவான வேலை. ஒரே வீடியோவாக எழுதியிருந்தால் அந்தக் கோப்பு முழுவதும் கெட்டுப்போயிருக்கலாம்.

ஏழாம் நாள் முடிவில் படம் தயாரானது. துணிக்கடைக்காரர் பார்த்தார். ஒரு பெண்ணின் சேலைக் கரையை மாற்றச் சொன்னார். அந்தப் பெண் வருவது பத்து விநாடி.

10 × 24 = 240 படம்
240 × 4 = 960 நிமிடம் = 16 மணி

ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தான். ஓணத்துக்கு முன்பே விளம்பரம் ஓடியது. 25,000 ரூபாய் கைக்கு வந்தது.

10. மீண்டும் அதே கேள்வி

ஓணம் முடிந்ததும் இன்னொரு வேலை வந்தது. இந்த முறை ஐந்து நிமிடப் படம். பாதிக் கூலி முன்பணம். மகன் அம்மாவிடம் நோட்டைக் கேட்டான்.

1,440 × 5 = 7,200 படம்
7,200 × 4 = 28,800 நிமிடம்
28,800 நிமிடம் = 20 நாள்

ராம் இப்போது போதுமானதாக இருந்தது. புராசசர் நிற்காமல் உழைத்தது. குறைக்க வேண்டிய ஒளிக்கதிரையும் குறைத்தாயிற்று. இனி உண்மையிலேயே கைகள்தான் போதவில்லை.

கிராபிக்ஸ் கார்டில் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம். 7,200 நிமிடம் என்றால் 5 நாள்.

கார்டு விலை 30,000. வரி 5,400. மொத்தம் 35,400 ரூபாய். மகன் கடையில் மூன்று கேள்விகள் கேட்டான். பழைய பெட்டிக்குள் கார்டு பொருந்துமா? பெட்டியில் உள்ள பவர் சப்ளை அதற்குப் போதுமான மின்சாரம் தருமா? கார்டின் சொந்த நினைவகம் தன் படத்தைத் தாங்குமா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தது.

“இப்போ வாங்கலாம்” என்றார் அம்மா.

முதல் வேலையின் கூலியும் முன்பணமும் சேர்ந்து கார்டு வீட்டுக்கு வந்தது. பில்லையும் உத்தரவாத அட்டையையும் அம்மா வாங்கிப் படித்தார். தேதி, கடை முத்திரை, உத்தரவாத ஆண்டுகள் மூன்றும் சரியாக இருந்தன. அவற்றை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்தார்.

வேகமான கருவி வாங்குவது தவறு அல்ல. வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. இது கம்ப்யூட்டருக்கு மட்டும் அல்ல. தையல் இயந்திரத்துக்கும் மாவு அரைக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தும்.

வாங்கும் முன்

1. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிப் பாருங்கள்.
2. வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.
3. செலவு இல்லாத மாற்றத்தை முதலில் செய்யுங்கள். சிறு செலவை அடுத்துச் செய்யுங்கள். பெரிய செலவு கடைசி.
4. எப்போதோ ஒருமுறைதான் பெரிய வேலை வருகிறதா? வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். ரெண்டர் பண்ணையைக்கூட இன்டர்நெட் வழியாக மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம்.
5. விலைப்புள்ளியில் வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று படியுங்கள்.
6. பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு விநாடிக்கு 24 படம். இரண்டு நிமிடப் படத்துக்கு எத்தனை படம் வேண்டும்?
2. ஒரு படத்துக்கு 5 நிமிடம் ஆகிறது. 120 படத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?
3. ஒரு பொருளின் விலை 2,000 ரூபாய். வரி 18 சதவீதம். மொத்தம் எவ்வளவு?

சரியா, தவறா?

1. ராம் போதவில்லை என்றால் நல்ல புராசசரும் சும்மா இருக்கும்.
2. ஒவ்வொரு படத்தையும் தனியாகச் சேமித்தால் மின்சாரம் போகும்போது எல்லாம் அழிந்துவிடும்.
3. ‘டாய் ஸ்டோரி’ படத்தை ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டர் செய்தார்கள்.

கலந்து பேசுங்கள்

1. மகன் முதலில் கேட்டபோதே அம்மா சங்கிலியை அடகு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. உங்கள் தொழிலில் வேலை எங்கே காத்து நிற்கிறது? கருவியிலா, பொருளிலா, ஆளிலா?
3. உங்கள் வீட்டில் கடன் வாங்கிக் கருவி வாங்கியது உண்டா? அந்தப் பணம் திரும்பி வர எத்தனை நாள் ஆயிற்று?